செத்த காலேஜில் இல்லாதவர்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு ரயில் வந்த புதிது. கூலிக்காரர்களின் மூங்கில் தட்டி வீட்டு லைனில் பார்வதம்மாவைப் போல நெற்றி நிறையப் பொட்டு வைத்தவள் வேறொருத்தி இல்லை. அதுதான் எல்லோருக்கும் உறுத்தியது. அவள் புருஷன் தசரதன் சுரங்கத்துக்குள் வேலை பார்த்த லெவல், அந்த அடித்தளமே, சரிந்து மூடியிருந்தது. தோண்டிப் பார்த்தார்கள், ஆள் அகப்படவில்லை. அப்புறம் தண்ணீர் ஏறியது, விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் பாதித் தூக்கத்தில் நடமாடுகிறவள் மாதிரி இருந்தாள். கல் பொறுக்கும் கொட்டகையில் உட்கார்ந்தால், பக்கத்து மில் தங்கக் கல்லை இடிக்கிற அதிர்வு, மண்ணுக்கடியில் யாரோ நடந்துபோவது போலக் காலில் ஏறும்.

கொழுந்தன் முனியப்பன் குடியாத்தத்திலிருந்து பங்காளிகளை வரவழைத்தான்.

"அமாவாசைக்குக் கருமாதி வெச்சுரலாம் அண்ணி. தாலியக் கழட்டிரு."

"செத்தத யாரு பாத்தா?"

"பாக்க ஒடம்பு வோணுமே."

"அதத்தான்பா நானும் கேக்கறன்."

அந்தச் சமயத்தில்தான் துரைமார் கிளப்பை ஒட்டி ஒரு கூடம் திறந்தார்கள். பூமிக்கடியில் கிடைத்த பழங்காலத்துப் பானை, அகல், ஆட்டுக்கல். கூடவே படங்களும் பொம்மைகளும். காவல்காரன் சகாயம் பட்டணத்தில் வளர்ந்தவன். பட்டணத்து ஜனங்கள் மிருகக் காட்சிசாலையை உயிர் காலேஜ் என்பார்கள், மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். அந்தப் பேரையே அவன் இங்கும் சூட்டிவிட்டான். லைன் முழுக்க அதுவே பேராயிற்று.

"கீழ கெடச்சதெல்லாம் செத்த காலேஜ்ல வெச்சிருக்கறாங்களாம்டி," என்று கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா சொன்னதுதான் தாமதம், பார்வதம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள்.

"யாரும்மா வோணும்?" என்றான் சகாயம்.

புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. "ராமருக்கு நாயனா பேரு."

"தசரதனா? ராஜாமாருங்க யாரும் இங்க இல்லியே. கூலிக்காரன் ஒருத்தன் நிக்கறான், போய்ப் பாரு."

பச்சைக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் கூடம் குளத்துக்குள் இருப்பது போலிருந்தது. மூலையில் ஆள் உயரக் களிமண் உருவம்: தொப்பியில் மெழுகுவத்தி, கையில் கடப்பாரை. அதே தோள், அதே கூன். ஷிப்ட் முடிந்து வருகிறவரின் ஈர மண் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். திறந்தபோது காது தெரிந்தது. அதில் துளை இல்லை. அவருக்குக் கடுக்கன் போட்ட காது.

"இது எங்க ஊட்டுக்காரரு இல்ல. வேற எங்கனா வெச்சிருக்கீங்களா?"

"இவ்ளோதாம்மா காலேஜே."

அமாவாசையன்று பங்காளிகள் நடுவில் அவள் சொன்னாள்: "செத்த காலேஜ் பூரா பாத்துட்டன். அவரு அங்க இல்ல."

"அது பொம்ம வெக்கற எடம் அண்ணி."

"அப்ப ஏன் செத்த காலேஜுன்றீங்க? நீயும்தான சொன்ன."

பங்காளிகளில் ஒருவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆக்கின சோற்றைத் தின்றுவிட்டு, கருமாதி வைக்காமலே அத்தனை பேரும் ரயிலேறினார்கள்.

அவள் கழுத்துக் கயிறு வெளுத்திருந்தது. மஞ்சள் அரைக்க உட்கார்ந்தாள்.