கோட்டைக்குள் போன பெண்

என் அக்காவின் பரிசம் நின்றுபோனதற்கு ஜப்பான்காரர்கள்தான் காரணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்றைக்குத் தட்டு மாறாமல் நின்றது அவர்களால்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. இலங்கையில், தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் மேல், கீழ் என்று இரண்டு டிவிசன்; அப்பா மேல்டிவிசன் தலைவர். திருவிழாவில் கரகம் முதலில் எந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வருவது என்று மேல்டிவிசனுக்கும் கீழ்டிவிசனுக்கும் அடிதடியாகி, இரண்டு பக்கமும் மண்டை உடைந்து, ஒரே அம்மனுக்கு இரண்டு திருவிழா நடந்துகொண்டிருந்தது.

சித்தப்பா இரத்தினபுரியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. பழங்கால ஜப்பான், குட்டிக் குட்டி ராஜாக்கள், வாள்வீரர்கள், மரக்கோட்டைகள். நெல் சேர்த்து, படை திரட்டி, பக்கத்து நாட்டைப் பிடிக்க வேண்டும். படை போதாவிட்டால் மகளை எதிரி வீட்டில் கட்டிக்கொடுக்கலாம், சண்டை நின்றுவிடும். நானும் கொடுத்தேன். நெல் சேர்ந்ததும் சித்தப்பா, "ஹரி, இப்ப அடி!" என்றார். சம்பந்தி கோட்டைக்கே நெருப்பு வைத்தேன்.

பாலர் பள்ளி டீச்சரான அக்கா, சேலை மடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயையோ, உள்ளுக்க நாம குடுத்த புள்ள இருக்கே சித்தப்பா! அது என்னாகும்?"

சித்தப்பா திரையில் அங்கும் இங்கும் தேடிப் பார்த்தார். "அதெல்லாம் காட்ட மாட்டான். கட்டிக் குடுத்ததோட அது கணக்குல இல்ல."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. பொம்மைப் பெண்ணுக்கு இந்தப் பதற்றமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நாளில் கீழ்டிவிசன் தலைவரின் மகனுக்கு அக்காவைப் பேசினார்கள். இரண்டு டிவிசனும் சம்பந்தியாகிவிட்டால் திருவிழாவும் ஒன்றாகிவிடும் என்று தோட்டமே பூரித்தது. அக்கா வேண்டாம் என்றாள், அழுதாள். அப்பா காதிலேயே வாங்கவில்லை.

பரிசத்தன்று காலையில் எனக்குத் தலைவாரிவிட்டவள் அவள்தான். "மாமா ஏதும் கேட்டாருன்னா பயப்படாம பேசு. கம்ப்யூட்டர்ல எப்பிடி ஜெயிச்சேன்னு சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லணும், சரியா?" என்றாள்.

கீழ்டிவிசன் தலைவர் நல்ல மனுஷர். வந்து உட்கார்ந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, கம்ப்யூட்டரில் என்ன செய்வேன் என்று கேட்டார். விடுவேனா? மூச்சு விடாமல் சொன்னேன்.

"சண்டைக்காரங்களுக்குப் பொண்ணக் குடுத்து சமாதானம் பண்ணுவோங்க மாமா. அப்பறம் அவங்க அசந்திருக்கிற நேரமாப் பாத்து அடிச்சுருவோம்!"

மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார்: "அப்ப, குடுத்த பொண்ணு?"

"அது கணக்குல இல்லீங்க."

சித்தப்பா தகரக் கூரையைப் பார்த்தார். அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் உயிர் போனது. அப்பா, "சின்னப் புள்ள, ஏதோ வெளாட்டு…" என்று இழுத்தார். அதற்குள் பட்டுச்சேலையில் தலைகுனிந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். பரிசத்தில் பெண் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

"எனக்கும் அந்தப் பயம்தாங்க. நாளைக்குத் திருவிழாவுல திரும்ப மண்டை ஒடஞ்சா நான் எந்தப் பக்கம் நிக்கிறது? வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நீங்களாச்சும் கேளுங்க."

மாப்பிள்ளையின் அம்மா என் அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தங்கள் தட்டைத் தம் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"புள்ளைக்கு மனசு இல்லாம எனக்கு வேணாங்க."

அவர்கள் ஒரு வாய் சாப்பிடாமல் போனார்கள். அந்த வருஷமும் அம்மனுக்கு இரண்டு திருவிழா. அப்பா அக்காவோடு பேசுவதை விட்டார். எல்லாம் என் வாயால் வந்த வினை என்று தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்த விளையாட்டைத் தொடங்கச் சொன்னாள்.

நாலா பக்கமும் எதிரிகள் பெண் கேட்டார்கள். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. "படை இல்லக்கா, குடுத்துரு, குடுத்துரு!" என்று கத்தினேன். கேட்டால்தானே? கோட்டை விழுந்தது, எல்லாம் போனது.

இப்படித் தோற்றுவிட்டு இவள் எதற்குக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.