மருதடிக் குளத்தில் பெண்கள் நேரம்

சித்திரை விடுமுறையின் கடைசி வியாழக்கிழமை, காலை 5.30. மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். ஓட்டியவர் என் கணவர் நசீர். பின்னால் நான். என் மடியில் ஒரு பை, அதற்குள் பழைய சல்வார், துவாய், மகனின் மீன் தொட்டியிலிருந்து கழற்றிய கண்ணாடி வெப்பமானி. போகிற இடம் சம்மாந்துறைக்கும் மேற்கே வயல்களுக்குள் இருக்கும் மருதடிக் குளம். அந்தக் குளத்தின் நடுவே ஒரு கல் நிற்கிறது. குளக்கட்டிலிருந்து நாற்பது மீற்றர் இருக்கும். அதுவரை நான் நீந்திப் போய்த் திரும்ப வேண்டும்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மிதப்பு விசையைப் பலகையில் அழகாக வரைவேன், ஆனால் மிதக்கத் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கடலில் இறங்க விட்டதில்லை. கடலில் வளர்ந்த நசீருக்கு இது இருபது வருடப் பகிடி. கலியாண வீடு, பெருநாள் விருந்து, எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்லிவிடுவார்: "இவ கடலுக்குப் பத்து வீடு தள்ளிப் பொறந்தவ. கணுக்கால் நனைஞ்சா மையித்து வீட்டு அழுகைச் சத்தம் போடுவா." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தபின் எரிச்சல் வரும்.

மருதடியில் என் பெரியம்மாவின் மகள் ஃபரீதா ராத்தா இருக்கிறார். கடந்த ஆவணி முதல் அவரிடம் நீச்சல் பழக மூன்று தரம் பஸ்ஸில் போனேன். "தண்ணியில விளையாடிட்டு வந்திரிக்கா" என்பதற்குமேல் நசீர் எதையும் நம்பவில்லை. நாலாம் தரம் அவரையே கூட்டிக்கொண்டு போனேன்.

6.45. முப்பத்தொரு கிலோமீற்றர். சாய்ந்தமருது, காரைதீவுச் சந்தி, சம்மாந்துறை, பிறகு வாய்க்கால் ஓரக் கிரவல் பாதை. விடியவே வந்தது நசீரின் பிடிவாதம். கடற்கரைக்காரருக்கு விடியற்காலைத் தண்ணீர்தான் தண்ணீர். வந்து பார்த்தால் குளத்தில் எருமைகள் கிடக்கின்றன, இரண்டு பேர் உழவு மெசினைக் கழுவுகிறார்கள், ஆண்கள் சோப்பு நுரையோடு எங்களைப் பார்க்கிறார்கள்.

"லுஹர் தொழுகைக்குப் பொறகுதான் பொம்புளையள்ற நேரம் எண்டு நேத்தே சொன்னனே!" என்றேன்.

"கடலுக்கு நேரமா கெடக்கு?" என்றார் நசீர்.

சந்திக் கடையில் இஞ்சி போட்ட பிளேன் டீ, ஒன்று ஐம்பது ரூபாய். அதைக் குடித்துவிட்டு ராத்தாவின் வீட்டில் ஆறு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில் ராத்தா எனக்குச் சொன்னதை, போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். மாரியில் போகாதீர்கள். குளம் நிரம்பி மேலால் வான் பாயும், தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும், குளிரில் பல் கிடுகிடுக்கும். பற்றைப் பக்கம் முதலையும் ஒதுங்கும். மார்கழியில் போன நான் குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாசியில் தெளியும், ஆனாலும் குளிர் விடாது. சித்திரைதான் பதம். ஆவணியில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றிவிடும், பின்னேரம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று சேற்றைக் கிளப்பும். "கறி ஆணத்துக்குள்ள இறங்கின மாதிரி இரிக்கும்" என்றார் ராத்தா. நான் பழகத் தொடங்கியது அந்த ஆணத்துக்குள்தான்.

இன்னொரு விடயத்தையும் சொன்னார்.

"நாளைக்குச் சிறுபோக வயலுக்குத் தண்ணி விடத் துருசுக் கதவத் திறக்கிறாங்க. திறந்தா தண்ணி அந்தப் பக்கம் இழுக்கும், நாங்க ஒருத்தரும் இறங்க மாட்டம். பொறகு வத்திரும். கல்லுக்கு நடந்து போகலாம். நீந்துறெண்டா இண்டைக்குத்தான்கா."

திங்கட்கிழமை எனக்குப் பள்ளி. அன்றைக்கு விட்டால் அடுத்த சித்திரைதான்.

பிற்பகல் 1.30. குளக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு மருத மரம் நிற்கிறது. அதன் கிளையில் ராத்தா சிவப்புத் துவாயைக் கட்டினார். துவாய் தொங்கினால் உள்ளே பெண்கள் குளிக்கிறார்கள் என்று அர்த்தம், எந்த ஆணும் அதைத் தாண்ட மாட்டான். குளிக்க வந்தவர்களில் ஒருத்தியின் கணவனோ தம்பியோ மரத்தடியில் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் இருக்க வேண்டும். அன்றைய முறை எங்களுக்கு விழுந்தது.

"மச்சான், இதில இரிங்க. திரும்பிப் பாக்கப்படா" என்றார் ராத்தா. நசீர் என்னைப் பார்த்தார். அவர் பார்க்கத்தானே கூட்டிவந்தேன்! எனக்கு அழுகையே வந்தது. ஆனால் முறை முறைதான்.

அபாயாவைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுச் சல்வாரோடு இறங்கினேன். கரையோரம் மேல் தண்ணீர் முப்பத்திரண்டு பாகை, காலடியில் இருபத்தொன்பது. வெப்பமானியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ராத்தா பக்கத்தில் வந்தார்.

"தலையத் தூக்காத. கால அடி. கல்லப் பாக்காத, என்னப் பாரு."

பாதி வழியில் கால் நிலத்தைத் தேடியது. நிலம் இல்லை. மூச்சு முட்டியது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ராத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடித்தேன், அடித்தேன், கை கரகரப்பான எதிலோ பட்டது. கல். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். கரையில் நின்ற பெண்கள் குரவை போட்டார்கள். வெப்பமானியைத் தண்ணீருக்குள் கல்லிடுக்கில் செருகினேன். எடுக்க மறந்து, திரும்பி நீந்தி வந்தேன்.

3.40. அஸர் தொழுகைக்கு முன்னே துவாயை அவிழ்த்தோம்.

"போனன்" என்றேன்.

"ராத்தாட தோளப் புடிச்சிக்கிட்டா?" என்று சிரித்தார் நசீர்.

"நானே போனன். வெப்பமானிய அங்க விட்டுட்டு வந்திரிக்கன். மகன் கேப்பான், எடுத்துட்டு வாங்க."

அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் நேரத்தில் இறங்கினார். நான் மரத்தடியில் நின்றேன். கடலில் பாய்வதுபோலப் பாய்ந்தார். இருபது மீற்றரில் கை தளர்ந்தது, வாய் தண்ணீருக்குக் கீழே போய்ப் போய் வந்தது. உப்புத் தண்ணீர் தூக்கிப் பழகிய உடம்பு, அடர்த்தி குறைந்த குளத்துத் தண்ணீர் அவ்வளவு தூக்காது. இதைத்தான் நான் பலகையில் வரைவது. ஆனாலும் எனக்குப் பயமாகிவிட்டது. "காலை அடிங்க!" என்று கத்தினேன். அடித்தார். கல்லைப் பிடித்தார். குனிந்து இடுக்கில் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

திரும்பி வந்து குளக்கட்டில் உட்கார்ந்து இருமினார். வெப்பமானியை என் கையில் தந்தார்.

"கல்லுக்குப் பக்கத்தில முப்பது" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இந்தத் தண்ணி தூக்குதே இல்ல. நீ எப்படிப் போன?" என்று கேட்டார்.

தலையைத் தூக்காமல் காலை அடிக்கும்படி ராத்தா எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மாலை 6.45. ஊருக்குத் திரும்பினோம். எங்கள் தெருவில் கடல் இரைச்சல் வழக்கம்போலக் கேட்டது. நாற்பத்து நான்கு வருடம் பக்கத்தில் இருந்தும் என்னைக் கூப்பிடாத கடல். எனக்கு அதன்மேல் அன்று கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் நாலைந்து பேர் நின்றார்கள். அடுத்த வீட்டுக்காரர், "என்ன நசீர், கண் எல்லாம் செவந்து கெடக்கு, நீந்தப் போனயா?" என்றார்.

பகிடி வரும் என்று காத்திருந்தேன்.

"நீந்தப் போனவ இவ. நான் துவாய்க்குக் காவல் இரிந்தன்" என்றார் நசீர்.