சந்தேகமே இல்லாதவர்கள் செய்துகொள்ளும் சோதனை

மூன்றாவது நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் வைத்த பிறகுதான் ஜட்ஜம்மா தன் இருக்கையில் உட்காருவார். பெருக்கித் துடைக்கிறவர் தினமும் காலையில் அதை உள்ளே கொண்டுவந்து போடுவார். இவரும் தினமும் அதை வெளியேற்றுவார். “அப்பா யாருன்னு பார்க்க ரெண்டு பேர் போதும். மூணாவதா ஒரு நாற்காலி கிடந்தா மாமியார் வந்து உக்காந்துடுவாங்க” என்பது அவர் கட்சி.

ஜட்ஜம்மா எந்த நீதிமன்றத்தின் படியும் ஏறியவர் அல்ல. ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஆலோசகர். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று அறிய வருகிறவர்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று விளக்குவது அவர் வேலை. அந்தப் பெயரை வைத்தவர்கள் ரத்தம் எடுக்கும் பெண்கள். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டால் முறைப்பார். கூப்பிடாவிட்டால், “என்னடி, இன்னிக்கு மரியாதை குறையுது?” என்பார்.

விளக்கத்தை ஒரே மூச்சில், காய்கறிக்காரர் விலை சொல்வதுபோலச் சொல்லி முடிப்பார். “ரெண்டு மாசம் ஆகியிருந்தா அம்மா கையில கொஞ்சம் ரத்தம், அப்பா கன்னத்து உள்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சி, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஊசி போட்டு நஞ்சுக்கொடியிலேருந்து துளி எடுக்கிறது இன்னொண்ணு. அதுக்கும் அப்புறம்னா பனிக்குடத்துத் தண்ணி எடுக்கணும். இந்த ரெண்டுலயும் கரு கலையற ஆபத்து கொஞ்சம் உண்டு, இதுக்காக மட்டும் அதுக்குப் போகாதீங்க. பொறுமை இருந்தா, பிள்ளை பிறந்தப்புறம் அது கன்னத்துலயும் ஒரு குச்சி.” தண்ணீர் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்: “இன்னொரு வழியும் இருக்கு. வீட்டுக்குப் போய் ஒருத்தரை ஒருத்தர் நம்புறது. அதுக்கு நாங்க பில் போடறதில்ல.” இந்தக் கடைசி வழியை மட்டும் சொல்லாமல் இருக்கக் கூடாதா என்று மேலாளர் கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

டிஷ்யூப் பெட்டியை எப்போதும் ஆண் உட்காரும் பக்கமே வைப்பார். பெண்கள் வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுத்தான் வருவார்களாம். சந்தேகம் பொய் என்று தெரிந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுவது ஆண்கள்தானாம். இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது தன் கணவரிடம் சொல்வார். அவரும் சோற்றைப் பிசைந்தபடி, “இன்னிக்கு எத்தனை பேரை அப்பாவாக்கினே?” என்று கேட்டுக்கொள்வார்.

அவருக்கென்று ஒரு திருட்டுத்தனமும் உண்டு. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கர்ப்பிணியிடம் மட்டும் குரலைத் தாழ்த்துவார். “உனக்கு இது வேணுமாம்மா? வேண்டாம்னா சொல்லு. மெஷின் ரிப்பேர்னு நான் சொல்லிக்கிறேன்.” பாவம், ஒரு நாள்கூடப் படுத்துக்கொள்ளாத அந்த மெஷினுக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். ஆனாலும் பயந்து வந்த எத்தனையோ பெண்கள் அந்தக் கெட்ட பெயரின் நிழலில் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். கூடவே கணவனின் அக்கா. உட்கார இடமில்லாததால் அக்கா நின்றபடியே வழக்கை நடத்தினார். “தம்பி வெளியூர் வேலையிலேருந்து வந்த தேதிக்கும் டாக்டர் சொல்ற கணக்குக்கும் கொஞ்சம் இடிக்குது மேடம்.” தம்பி சிரித்தான். “எனக்குச் சந்தேகமே இல்ல மேடம். அக்காவுக்கு ஒரு மனத்திருப்தி, அவ்வளவுதான்.” சந்தேகமே இல்லாதவர்கள்தான் முதல் ஆளாக வருவார்கள் என்பது ஜட்ஜம்மாவின் அனுபவம்.

இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“வேணும் மேடம். எடுத்துடுங்க.”

“பயமா இருக்காம்மா?”

“எதுக்குப் பயம்? அவர் பிள்ளைதான். ரிசல்ட் கைக்கு வந்த அன்னிக்கே எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். இப்பப் போனா தப்புப் பண்ணிட்டு ஓடிட்டான்னுதானே பேசுவாங்க?”

ஜட்ஜம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயந்த பெண்களுக்குத்தான் அவரிடம் பொய் இருந்தது. இவளுக்கு ஏற்ற பொய் கைவசம் இல்லை. பழக்கத்தில், “மெஷின் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார்.

“ஓடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது மேடம்.”

அவள் சொன்னதை அவனிடம் சொல்ல ஜட்ஜம்மாவுக்கு உரிமை இல்லை. சும்மா இருக்க நெஞ்சு கேட்கவும் இல்லை. அவனை உள்ளே கூப்பிட்டு, பஞ்சுக் குச்சியைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “சார், உங்க பிள்ளைதான்னு வந்தா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

“என்ன பண்றது? எல்லாம் பழையபடிதான்.”

“அப்ப இது எதுக்கு சார்? சந்தேகம் இல்லைன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்.”

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பி, சமர்த்தாக வாயைத் திறந்து காட்டினான்.

அந்த வாரம் முழுக்க, மெஷின் நிஜமாகவே கெட்டுப்போகக் கூடாதா என்று ஜட்ஜம்மா வேண்டிக்கொண்டார். அதுவா கேட்கும்? மணிமணியாக ஓடியது. முடிவு வந்ததும் விதிப்படி இருவருக்கும் அவரே போன் செய்தார்.

மறுநாள் கதவு திறந்ததும் அந்தப் பெண் தனியாக வந்தாள். கையில் துணிப்பை. தன் பிரதியை வாங்கி, படித்துப் பார்க்காமலே பையின் அடியில் வைத்துக்கொண்டாள். “உடம்பைப் பார்த்துக்கம்மா” என்றார் ஜட்ஜம்மா.

மதியம் கணவனும் அக்காவும் வந்தார்கள். அவன் கையில் பெரிய கேக் பெட்டி. “நான்தான் அன்னிக்கே சொன்னேனே மேடம், சந்தேகமே இல்லைன்னு!” அக்காவுக்கும் வாயெல்லாம் பல். “மூக்கு அப்படியே எங்க தம்பி மூக்காத்தான் இருக்கும், பாருங்க.”

அவன் ரிப்பனை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தான். “அவளுக்கு ரெண்டு தடவை போன் அடிச்சேன், எடுக்கல. தூங்குறா போல. முதல் துண்டு நீங்க எடுத்துக்கங்க மேடம்.”

ஜட்ஜம்மா பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினார். அவிழ்ந்து கிடந்த ரிப்பனை எடுத்து, முன்பு இருந்தபடியே முடிச்சுப் போட்டு, இரண்டு கைகளாலும் அவன் பக்கம் நகர்த்தினார்.