குடிலில் பாண்டாவுக்கு இடம் கொடுத்த ஸ்டெல்லா அக்கா

அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் மகன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். "அம்மா நம்மள விட்டுப் போய்ட்டாங்க சித்தி" என்றான். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நம் மாதா கோயில் பெண்கள் எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். ஆனால் அந்தப் பாண்டா விஷயம் முழுசாகத் தெரிந்தவள் நான்தான்.

அம்பத்தூரில் துணிப் பொம்மை தைக்கும் கம்பெனியில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். கறுப்புக் கண்ணும் வெள்ளை வயிறுமாகப் பாண்டா கரடி தைப்போம். யாரோ மனசுக்குத் தோன்றியபடி செய்த பொம்மை என்றுதான் நினைத்திருந்தோம். அப்படி ஓர் உயிர் உண்டென்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு டிவியில் அது வந்தது. "இன்னாடி இது, நம்ம பொம்ம நடந்து வர்து!" என்று கத்தினார். அது மனிதரைப் போல உட்கார்ந்து மூங்கிலை உரித்துத் தின்றது. அவ்வளவு பெரிய தாய், எலி அளவுக் குட்டியைக் கையில் ஏந்தியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கா முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார், பூசையில் போடுவது போல.

டிவியில் இங்கிலீஷில் சொன்னதை மகன் எங்களுக்குச் சொன்னான். சீனாவில் மலைக்காடு குறைந்துகொண்டே போகிறதாம். மூங்கில் பூத்து மொத்தமாகப் பட்டுப்போனால், முன்பெல்லாம் பாண்டா அடுத்த மலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளுமாம். இப்போது நடுவில் வயலும் ரோடும் ஊரும்.

"அப்ப அது எங்கடா போவும்?" என்று கேட்டார் அக்கா.

அந்த டிசம்பரில் ஆவடி குவார்ட்டர்ஸில் அக்கா வைத்த கிறிஸ்துமஸ் குடிலில், கேழ்வரகு முளைக்கவிட்ட புல்மேல், மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே ஒரு பாண்டா உட்கார்ந்திருந்தது. வெட்டி மிஞ்சிய துணியில் அவரே தைத்தது. வீடு வீடாகக் குடில் பார்த்துப் பரிசு கொடுக்க வந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, பெத்லகேமுக்கு இது எந்த பஸ்ல வந்துச்சு? இத்த எடுத்துடு, பரிசு உனக்குத்தான்."

"மாதாவுக்குப் புள்ள பெத்துக்க சத்திரத்துல எடமில்லன்ட்டாங்க. இதுக்குக் காட்டுலயே எடமில்லியாம். நானும் எடமில்லன்னு சொல்லவா அண்ணே?"

பரிசு அடுத்த தெருவுக்குப் போனது. ஆனால் கிளம்பும்போது பெரியவர் குனிந்து, சாய்ந்திருந்த பாண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

"பரிசு போச்சேக்கா" என்றேன்.

"போவட்டும்டி. பிளாஸ்டிக் பக்கெட்டுதானே!"

பூந்தமல்லி பஸ்ஸிலும் அவர் அப்படித்தான். "நவுந்து குந்துங்கம்மா, எடம் தானா வராது" என்பார். திட்டிக்கொண்டே எல்லாரும் நகருவார்கள்.

இப்போது அக்கா வீட்டுக்காரர் ரிட்டயர் ஆவதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். "இத்த இன்னா பண்றது சித்தி?" என்று மகன் பாண்டாவை நீட்டினான். என் வீடு ஒற்றை அறை. அலமாரியில் இருந்த பித்தளைக் குடத்தைக் கீழே இறக்கினேன்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பொம்மையும், நகர்ந்து இடம் விடும் பழக்கமும். காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஒரு மலையில் நிஜமான ஒன்று இதே மாதிரி உட்கார்ந்து மூங்கிலை உரித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றும். கை தானாக முந்தானையைத் தலைக்கு இழுக்கிறது.