அட்ராக்டாவின் துக்கச் சீட்டுகள்

காலை ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் அட்ராக்டா பைர்னிடம் யாரும் பேச முடியாது. கில்கார்ன் கடைத்தெருவில், இறைச்சிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.பி. அலுவலகத்தில், ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று யாராவது அழுதுகொண்டிருந்தாலும் சரி, அவள் கையை உயர்த்துவாள். அழுகிறவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு காது கொடுப்பார். யார் போனார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இல்லை?

எங்கள் பக்கத்தில் அரசியல்வாதிக்குப் பேசத் தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்வான். சாவு வீட்டுக்குப் போகாதவன் அடுத்த தேர்தலோடு காலி. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரே அந்த வரிசை ஓரமாக நகர்ந்து ஒவ்வொரு கையாகக் குலுக்கிவிட்டுப் போகும். எம்.பி.யும் அப்படித்தான் போக வேண்டும். அவன் வந்ததை ஒருவரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் வராததைப் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஃபின்டன் மல்ரெனனை அப்படி நாலாயிரம் சாவுக்காவது அனுப்பி வைத்தவள் அட்ராக்டா. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் முதல் முறை ஜெயித்ததிலிருந்து இருபத்து நாலு வருடம் அவனுக்கு அவள்தான் காரியதரிசி. வானொலியில் பெயர் கேட்டதும் ஒரு சின்னச் சீட்டில் பென்சிலால் எழுதுவாள். 'மேபல் காட்லி, 88. தேனீ வளர்த்தவர். மூத்த மகனைப் பற்றிக் கேட்காதே. சின்ன மகளுக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நில்.' காரை விட்டு இறங்குமுன் ஃபின்டன் அதை ஒரு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். இத்தனை வருடத்தில் ஒரு பெயர்கூடத் தப்பியதில்லை.

"அங்க போய் என்ன சொல்லட்டும்?" என்று முதல் நாளே கேட்டான்.

"உங்க துக்கத்துக்கு வருத்தம். மூணே வார்த்தை. நாலாவது வார்த்தை வாயில வந்துச்சுன்னா அது ஓட்டு கேக்கற மாதிரி. முழுங்கிடு."

அவள் இதில் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு இருபத்தோரு வயதாக இருந்தபோது அப்பா மைக்கேல் பைர்ன் இறந்தார். அன்று தலைநகர் டப்ளினிலிருந்து ஓர் அமைச்சர் வந்தார். வாசலில் காரின் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. அண்ணன் டாமின் கையைப் பிடித்து, "பேட்ரிக் மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்கணும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, நாலு நிமிடத்தில் கிளம்பிப் போனார். அப்பாவுக்கு அந்த வட்டாரத்தில் யாரும் பேட்ரிக் என்று பெயர் வைக்கவில்லை.

அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே வீட்டில்தான் கடைசிவரை இருந்தார்கள். அந்த ஒரே அவமானம் இருவரையும் இரண்டு பக்கம் தள்ளியது. இனி ஒரு வீட்டிலும் இப்படி நடக்கக் கூடாது என்று அட்ராக்டா சீட்டு எழுதப் போனாள். டாம் ஒவ்வொரு தேர்தலிலும் முதல் ஆளாகப் போய், வாக்குச் சீட்டின் குறுக்கே 'மைக்கேல் பைர்ன்' என்று அப்பா பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டு வந்தான். வாக்கு எண்ணும் இடத்தில் செல்லாத ஓட்டுக் கட்டில் அந்தச் சீட்டு தவறாமல் கிடைக்கும். எண்ணுகிறவர்கள் அதைக் காணாவிட்டால்தான் டாமுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பார்கள்.

"இன்னைக்கு எத்தனை பொணம்டி உன் ஆளுக்கு?" என்பான் காலைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே.

"ரெண்டு."

"அய்யோ பாவம். ரெண்ட வெச்சுக்கிட்டு எப்படி வயித்தக் கழுவுவான்?"

"நீ ஒரு நாள் போய்ச் சேரு, மூணா எழுதிக்கறேன்."

"எழுதுவே, எழுதுவே. மந்திரியா இருக்கற எவனும் என் கல்லறை வாசலத் தாண்டக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

இதை அவன் அவளிடம் மட்டும் சொல்லவில்லை. மதுக்கடையில் ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறான். இரண்டரை வருடத்துக்கு முன்னால் மூன்று கட்சிகள் சேர்ந்து கூட்டணி அரசு அமைத்து, ஃபின்டன் கிராமப் போக்குவரத்து இணை அமைச்சரானபோது, அவன் முகத்துக்கு நேராகவே கிளாஸைத் தூக்கிச் சொன்னான்: "வாழ்த்துகள் ஃபின்டன். உனக்கும் சேத்துத்தான்." ஃபின்டன் சிரித்துவிட்டு அவனுக்கு ஒரு பைண்ட் பீர் வாங்கிக் கொடுத்தான். டாம் அதைக் குடித்தான், வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

அந்தக் கூட்டணி ஒப்பந்தப்படி பாதி ஆட்சிக் காலத்தில் பிரதமர் நாற்காலி ஒரு பெரிய கட்சியிடமிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். அன்று அமைச்சர்கள் எல்லோரும் பதவி இழப்பார்கள், புதிய பட்டியல் வாசிக்கப்படும். மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. மூன்றாவது கட்சியான ஃபின்டனின் சின்னக் கட்சிக்கு ஒரு முழு அமைச்சர் இடம் காலியாகிறது, அது மேற்குப் பக்கத்துக்குத்தான், மல்ரெனனுக்குத்தான் என்று பத்திரிகைகள் இரண்டு வாரமாக எழுதின. இறைச்சிக் கடைக்காரர் இப்போதே அவனை "மினிஸ்டர்" என்று அழுத்திக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இணை அமைச்சர் என்பவன் அமைச்சரவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன். இத்தனை வருடம் மழையிலும் சேற்றிலும் வரிசையில் நின்று கை குலுக்கியவன் அந்த மேசையில் உட்காருவதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெறலாம் என்று அட்ராக்டா எண்ணியிருந்தாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, மாட்டுக்கு வைக்கோல் போடப் போன டாம் கொட்டகையிலேயே விழுந்து இறந்து போனான். எழுபத்தொரு வயது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீடு நிறையப் பக்கத்து வீட்டாரும் ரொட்டித் தட்டுகளுமாக இருந்தது. யாரோ வானொலியைப் போட்டுவிட்டார்கள். 'டொமினிக் பைர்ன், கில்கார்ன்' என்று டாமின் முழுப் பெயரோடு குரல் வந்ததும் அட்ராக்டாவின் கை தன்னால் பென்சிலைத் தேடி எடுத்தது. 'டாம் பைர்ன், 71. தங்கை ஒருத்தி மட்டும்' என்று எழுதிவிட்டாள். அடுத்து, போகிறவன் என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று எழுத வேண்டும். பென்சில் அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டு யூனா அவள் கையிலிருந்து சீட்டை மெல்ல வாங்கி மடித்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஃபின்டன் தொலைபேசியில் வந்தான்.

"அட்ராக்டா, செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்கு நான் வர்றேன்."

"வேண்டாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நீ டப்ளின்ல இருக்கணும். உங்க கட்சித் தலைவி ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிடும்போது நீ இல்லேன்னா வேற ஒருத்தன் உள்ள போயிடுவான்."

"அது என் பாடு. நீங்க சொல்லுங்க, வரட்டுமா?"

"டாம் சொன்னது உனக்கே தெரியும் ஃபின்டன். அவன் இருந்தப்ப அவன் பேச்ச நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இத ஒண்ணையாவது கேக்கறேன்."

"சரி" என்றான் ஃபின்டன்.

போனை வைத்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொன்னது அவள்தான். அவன் உடனே சரி என்றதுதான் வலித்தது. முன்பின் தெரியாத வீடுகளுக்கெல்லாம் அந்தக் கையை அனுப்பி வைத்தவள், தன் வீட்டுத் துக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டாள். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? ஆனால் டாமின் வார்த்தையைத் தன் கையாலேயே உடைக்கவும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வீட்டார் என்று அவள் ஒருத்திதான். பக்கத்தில் காலியாகத் தெரிய வேண்டாம் என்று யூனா தன் கறுப்புக் கோட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். கை குலுக்க வந்தவர்கள் முகத்தை அட்ராக்டா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள். அவன் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவனாக அவனை வளர்த்ததும் அவள்தானே.

பூசை முடிந்து வெளியே வரும்போது யூனா காதில் கிசுகிசுத்தாள். "என் மருமகன் போன்ல பாத்தானாம். பார்லிமென்ட் வாசல்ல கேமராக்காரங்க நிக்கறாங்க. எல்லாரும் உள்ள போயிட்டாங்களாம். உன் ஆளத்தான் இன்னும் காணோமாம்."

"ரோட்டுல நெரிசலா இருக்கும்" என்றாள் அட்ராக்டா.

கல்லறைத் தோட்டம் குன்றின்மேல். மழை பெரிதாக இல்லை, ஆனால் விடவும் இல்லை. சவப்பெட்டியின் பின்னால் ஏறி வந்தவள் இரும்பு வாசலுக்கு அருகில் நின்றுவிட்டாள். மதிலை ஒட்டி ஒரு பழைய கார் நின்றது. அதன் பக்கத்தில் ஃபின்டன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை நனைய நின்றான். சவப்பெட்டி கடந்தபோது சிலுவை போட்டுக்கொண்டான். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். எல்லோரும் உள்ளே போன பிறகும் அவன் வாசலுக்கு வெளியேதான் நின்றான்.

"உள்ள வரச் சொல்லட்டுமா?" என்றாள் யூனா.

"வர மாட்டான். மந்திரியாச்சே."

குழியைச் சுற்றி ஜெபமாலை தொடங்கியது. பாதிரியார் முன்னால் சொல்ல, கூட்டம் பின்னால் சொன்னது. மூன்றாவது 'அருள் நிறைந்த மரியே' போய்க்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அப்பால் ஃபின்டன் பைக்குள் கைவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துத் திரும்பி நிற்பதை அட்ராக்டா பார்த்தாள். டப்ளின்தான். வேறு யாராக இருக்க முடியும்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிடைத்தது என்றால் அவன் அமைச்சர், வாசலைத் தாண்ட மாட்டான். போய்விட்டது என்றால் உள்ளே வருவான். இருபத்து நாலு வருடமாக அவன் ஜெயிக்க வேண்டும் என்றே வேண்டிப் பழகிய வாய், அந்த நிமிடம் எதை வேண்டுவது என்று தெரியாமல் திணறியது. அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அடுத்த மூச்சில், வந்துவிடேன் என்றும் நினைத்தாள். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஃபின்டன் அதிகம் பேசவில்லை. இரண்டு மூன்று முறை தலையாட்டினான். தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கீழே ஊரைப் பார்த்து நின்றான். பிறகு முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

வாசல் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

ஜெபத்துக்கு நடுவில் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டாம் மதுக்கடையில் சொன்னது ஊருக்கே தெரியும் அல்லவா? அவன் ஈரச் சரளையில் நடந்து வருவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இறைச்சிக் கடைக்காரர் தன் குடையை நகர்த்தி அவன் தலைக்கும் பிடித்தார். பாதிரியார் விட்ட இடத்திலிருந்து இன்னும் உரக்கத் தொடர்ந்தார்.

மண் போட்டு முடித்ததும், கோயிலில் கை குலுக்க முடியாதவர்கள் அங்கே வரிசையில் வந்தார்கள். ஃபின்டன் கடைசியில் நின்றான். பையில் சீட்டு கிடையாது. தன் முறை வந்ததும் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உங்க துக்கத்துக்கு வருத்தம்."

வெறும் சம்பிரதாயம் என்று அவளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். இத்தனை வீடுகளில் இது என்ன செய்திருக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அடுத்த தேர்தல்ல செல்லாத ஓட்டுக் கட்டுல மைக்கேல் பைர்ன் இருக்க மாட்டாரு" என்றான் அவன். "நான் தேடுவேன்."

"மூணு வார்த்தைக்கு மேல பேசாதேன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றாள். "போச்சா?"

"போச்சு. இருந்ததும் சேந்து போச்சு. நம்ம பக்கத்துக்கு ஆள் வேற கட்சியில எடுத்துட்டாங்களாம்."

"நேர்ல போயிருந்தா கிடைச்சிருக்குமா ஃபின்டன்?"

"தெரியல. கிடைச்சிருந்தா வாசல்லயே நின்னிருப்பேன், அவ்வளவுதான்."

அவனுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. அதனால் கையை விட வேண்டிய அவசரமும் இல்லை. அட்ராக்டா அதைப் பிடித்தபடியே குழிமேட்டுப் பக்கம் திரும்பினாள்.

"டாம், திட்டாதே. மந்திரி யாரும் வரல. நம்ம ஃபின்டன்தான் வந்திருக்கான்."

சொல்லி முடித்த பிறகுதான், மூன்று நாளில் முதல் முறையாக, அழுதாள்.