ஒல்லியானவர்களுக்கான வாசல்

அந்த வாசலின் அகலத்தை இன்றைக்கும் என் இரு கைகளை விரித்துப் பிசகாமல் காட்டிவிட முடியும். தோள் வரும் இடத்தில் இவ்வளவு, இடுப்பு வரும் இடத்தில் இவ்வளவு. இத்தனைக்கும் அது கல்லும் மரமும் வைத்துக் கட்டிய வாசல் அல்ல. வெறும் பிளைவுட் பலகை. சினிமா பேனர் எழுதும் ஒருவரைக் கொண்டு அதில் ஒல்லியான ஓர் இளைஞனை வரையச் செய்து, அவன் உருவத்தை மட்டும் அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த பின் மிஞ்சிய ஓட்டைதான் வாசல்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. அதுவரை எங்கள் வீட்டில் தீபாவளித் துணி என்றால், அப்பா ஜவுளிக்கடையில் ஒரே பீஸிலிருந்து கிழித்து வாங்கிவருவதுதான். தையற்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி அளவெடுப்பார். உடம்பை அளந்துவிட்டுத் துணியை வெட்டுவது என்பதே நாங்கள் அறிந்த முறை. துணியை முதலில் வெட்டி வைத்துவிட்டு, அதற்கேற்ற உடம்பைத் தேடுகிற வியாபாரம் அந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு வந்தது.

மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் ஜீன்ஸை விற்பதற்காகத் தேரடி வீதியில் புதிதாக ஒரு ரெடிமேட் கடை திறந்தார்கள். குதிரை வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நோட்டீஸ் இறைத்தார்கள். “எங்கள் ஜீன்ஸ் எல்லோருக்கும் அல்ல! எங்கள் வாசலில் நேராக நடந்து நுழைகிறவர்களுக்கு மட்டும்!” என்று அதில் அச்சிட்டிருந்தது. நுழைந்து காட்டியவர்களின் புகைப்படத்தைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார்களாம். ஒரு பேட்ஜும் தருவார்களாம். எல்லோருக்கும் இல்லை என்று சொன்ன ஒரு பொருளை ஊர் முழுக்கக் கூவி அறிவித்ததில் இருந்த முரண்பாடு அப்போது யாருக்கும் படவில்லை.

என் அண்ணன் அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு. எங்கள் வீட்டில் அதை யாரும் குறையாக எண்ணியதில்லை. அவன் தெருவில் வருவதைப் பார்த்தாலே அம்மாவுக்கு முகம் மலரும். கிராமத்திலிருந்து மூட்டையாக வரும் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவனுக்கென்றே ஒரு டின்னில் வறுத்து வைப்பாள். பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டி வந்தால் அவனைத்தான் கடைசி ஆளாக நிறுத்துவார்கள். அவன் உடம்பு உதவாத உடம்பு என்று யாரும் அவனிடம் அதுவரை சொன்னதில்லை. அந்தப் பலகைதான் முதலில் சொன்னது.

அவனுக்கு நான்கு நண்பர்கள். நால்வரும் முதல் வாரத்திலேயே வாசலில் நுழைந்து வந்துவிட்டார்கள். தீபாவளியன்று ஐந்து பேரும் அந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு தேரடியிலிருந்து சினிமா தியேட்டர் வரை வரிசையாக நடந்து போவது என்று ஏற்பாடு. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர்கள் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

“நீ இன்னா, வேட்டில வரப்போறியா?”

“டேய், அவன் வரட்டும்டா. நாம படம் பாக்கறப்ப சைக்கிள பாத்துக்க ஆளு வேணாவா?”

அண்ணன், “கடைசி நாள் வந்து பூந்து காட்றேன், பாருங்கடா” என்றான். பலகையைத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வரை வைத்திருப்பதாக நோட்டீஸில் போட்டிருந்தது. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அன்று முதல் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். நிறுத்தினான் என்பதுகூடச் சரியில்லை, சாப்பிடுவதுபோல் நடித்தான். அம்மா தட்டில் சோறு போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பியதும் பாதிக்குமேல் என் தட்டுக்கு வந்துவிடும். காலையில் இட்லியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தெருமுனை ஆட்டுக்கு வைத்தான். எனக்கு இது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, “அம்மாகிட்ட சொல்ல மாட்டன்னு மலையப் பாத்து சத்தியம் பண்ணு, பாப்பா” என்றான். பண்ணினேன்.

சத்தியம் செய்வது எளிதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. எங்கள் ஊரில் மலைதான் சாமி; எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் தெரியும். பள்ளிக்கூட ஜன்னலில் தெரியும், தண்ணீர் சேந்தும் இடத்தில் தெரியும், மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது கொடிக்குப் பின்னால் நிற்கும். சொல்லிவிட்டால் சத்தியம் தவறும்; சொல்லாவிட்டால் அண்ணன் செத்துப்போவான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் அந்த நாட்கள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன்.

பள்ளிப் பிரார்த்தனையில் அவன் மயங்கி விழுந்தான் என்ற செய்தி வந்தபோது, “காய்ச்சல்மா” என்று அவனுக்கு முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். அம்மா அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“உடம்பு சுடலியே. இன்னாடா ஆச்சி உனக்கு? யாருனா கண்ணு வெச்சிட்டாங்களா?”

அன்றே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி கமறியது. கண் படவில்லை என்று அதற்குப் பொருள். அம்மாவுக்கு நிம்மதி. தாய்மாமா வந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, “இன்னா மாப்ள, பஸ் டயர் மாதிரி இருந்தவன் சைக்கிள் ட்யூப் மாதிரி ஆயிட்ட?” என்று சிரித்தார். அண்ணனுக்கு அது பாராட்டாகப் பட்டது. அன்று இரவும் அவன் சோறு என் தட்டுக்கே வந்தது.

ஆனால் உடம்பு எவ்வளவு இளைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் போய் நின்று முயன்றுபார்க்க அவனுக்குத் துணிவில்லை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. மலை சுற்றும் பாதையில் இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். ஒரு சின்னக் கல் மண்டபம். அதற்குள்ளே இடுக்கான வழி. பின்பக்கமாகப் புகுந்து ஊர்ந்து முன்பக்கமாக வெளியே வந்தால் நோய் தீரும் என்பது நம்பிக்கை. அந்தக் கல் இடுக்கு விடுமானால் கடைப் பலகையும் விட்டுத்தானே ஆகவேண்டும் என்று அண்ணன் கணக்குப் போட்டான். தலைவலிக்கு வேண்டுதல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் கிளம்பினான். பௌர்ணமி அல்லாத நாட்களில் அந்தப் பாதையில் அந்தக் காலத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆடுகள் மேயும், கற்பூரம் விற்கும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு தோள் வரை போய்த் திரும்பிவிட்டான். இரண்டாவது ஞாயிறு பாதியில் மாட்டிக்கொண்டான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன, அவை அசையவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அந்தக் கற்பூரக்கார அம்மாள், அண்ணனைவிட இருமடங்கு பருமன், கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து கத்தினாள்.

“யாருப்பா உள்ள? கட்டில்ல படுக்கற மாதிரி மல்லாந்து பூந்தா எப்டி வரும்? ஒருக்களிச்சிப் படு. ஒரு கைய முன்ன நீட்டு. மூச்ச வுட்டுட்டு எக்கு. நானே தெனம் போறேன், உனக்கு இன்னா?”

கால்கள் மெல்ல உள்ளே மறைந்தன. மறுபக்கம் ஓடினேன். அண்ணனின் தலை, தோள், பிறகு முழு உடம்பும் வெளியே வந்தன. முழங்கையில் தோல் வழன்றிருந்தது. எழுந்து நின்றவன் கண் இருட்டி மறுபடியும் உட்கார்ந்தான். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. “வந்துட்டேன் பாப்பா, பாத்தியா, வந்துட்டேன்!” அந்தக் கற்பூரக்கார அம்மாளும் தினமும் போய் வருகிறாள் என்பதை நாங்கள் இருவரும் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்த இடுக்கு எந்த உடம்பையும் திருப்பி அனுப்புவதில்லை. எப்படித் திரும்பிப் படுத்தால் வழி கிடைக்கும் என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. இதை அன்று யோசித்திருந்தால் அண்ணன் கடைக்குப் போயிருக்கமாட்டான்.

கடைசி ஞாயிறு காலை கடைக்குப் போனோம். தீபாவளிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. நண்பர்கள் நால்வரும் பேட்ஜ் குத்திய சட்டையோடு முன்னால் நின்றார்கள். அண்ணன் வாசலருகே போய்ப் பழக்கத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினான்.

“நேரா, தம்பி, நேரா!” என்றான் கடைச் சிப்பந்தி. “சைடுல போனா யானகூடப் போவும்.”

அண்ணன் நேராகத் திரும்பினான். தோள் போயிற்று. இடுப்பு போகவில்லை. மூச்சை விட்டு எக்கினான். பலகை கிறீச்சிட்டது. இன்னும் ஓரடி வைத்தான். பலகையும் அவனோடு சேர்ந்து ஓரடி வந்தது.

“டேய், வாசலையே மாட்டிக்கினு போறான் பாருடா!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இரண்டு சிப்பந்திகள் பலகையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவன் அண்ணனின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. “உங்க சைஸ் வராது தம்பி. நம்ம ஐட்டம் எல்லாருக்கும் கெடையாது” என்று சிப்பந்தி பணிவாகவே சொன்னான். கடை முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் தொந்தி மேசையில் இடித்தது. அவர் தினமும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் கடைக்குள் வந்து போனார் என்பதும் பிறகு ஊர் அறிந்த விஷயம்.

அண்ணன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் இது வேடிக்கைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. யாரும் கூப்பிடாமலே ஓடிப்போய் அந்த வாசலில் நுழைந்தேன். திரும்பி வந்து மறுபடியும் நுழைந்தேன். மூன்றாவது முறை நொண்டியடித்துக்கொண்டே நுழைந்தேன். “குட்டி பாரு, மீன் மாதிரி பூந்து வருது!” என்று யாரோ கைதட்டினார்கள். பத்து வயதுப் பிள்ளை யாராக இருந்தாலும் அதில் நுழைய முடியும் என்பது அந்த நிமிடத்தில் என் புத்தியில் படவில்லை. எங்கள் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். முதலாளி எனக்கொரு பேட்ஜ் கொடுக்கச் சொன்னார். அதைக் கவுனில் குத்திக்கொண்டு அண்ணனிடம் காட்டினேன். “நல்லாருக்கு” என்றான்.

வியாபாரம் படித்துப் பட்டம் வாங்கிய பிறகு, அந்த முதலாளியைக் கொடியவர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. மெட்ராஸிலிருந்து சொன்னதை அவர் செய்தார். வேண்டாதவர்களை வாசலிலேயே நிறுத்தினால் வேண்டியவர்களுக்குப் பெருமை கூடும்; பெருமை கூடினால் சரக்கு போகும். இதை ஓர் உத்தியாக எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உத்தியால் பயனடைந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருந்தது. நிறுத்தப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்பதற்கு அதில் ஒரு பத்திகூட இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்து முகம் கழுவினான். மதிய வெயில் ஏறியிருந்தது. தீபாவளி ஊர்வலத்துக்கு அவன் போகப்போவதில்லை என்று வழியிலேயே சொல்லிவிட்டான். அடுப்பங்கரைக்குப் போய், “சோறு இருக்காம்மா?” என்று கேட்டான்.

அம்மா பதறிப்போய் எழுந்தாள். மூன்று வாரத்தில் அவனாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. “இருக்குடா, உக்காரு, அப்பளம் பொரிக்கிறேன்” என்று எண்ணெய்ச் சட்டியை எடுத்தாள்.

“வேணா. நீ போய் வெளியில உக்காரும்மா. நானே போட்டுக்கிறேன்.”

அம்மா சந்தோஷத்தில் அதையும் கேட்டுக்கொண்டாள். அவள் முன்கட்டுக்குப் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு அடுப்பங்கரைக்கு வெளியே உட்காரவைத்தான். “யாருனா வந்தா கொரல் குடு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே சோற்றுப் பானையில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்கட்டில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், “எம்புள்ள சாப்பிடறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் நிம்மதி. சத்தியம் தவறவில்லை, அண்ணனும் சாகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அண்ணன் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட, பந்தியில் உட்காரவைத்தும் இலையில் கைவைக்காமல் எழுந்துவிட்டான். ஆனால் அது பின்னால் நடந்தது. அந்த மத்தியானம், தன் வீட்டில் தன் சோற்றைத் தின்ன ஒருவனுக்கு எதற்குக் காவல் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெரிய பொறுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறான் என்ற எண்ணத்தில் கதவில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“மாமா வராருணா!” என்று கத்தினேன்.

உள்ளே கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. என் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாக எனக்குப் பெருமையாக இருந்தது.