கடலில் கால் வைக்குமுன்

கனடாவின் மொன்றியல் பனிக்குத் தப்பிக் குளிர்காலங்களில் கரீபியன் தீவுகளுக்குப் போவோம். யாழ்ப்பாணத்தில் குளித்த காலத்திலிருந்தே, கடலில் கால் வைக்குமுன் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளிப்பது என் வழக்கம். மொன்றியலில் பிறந்த மகளுக்கு அது வெட்கம்.

"அப்பா, ஆக்கள் பாக்கினம்!" என்பாள்.

பார்படோஸில் அவளுக்காக அதை விட்டேன். பிரெஞ்சு பேசும் தீவான குவாதலூப்பிலும் நேரே இறங்கப் போனேன். பக்கத்தில் ஓர் உள்ளூர்ப் பெண் குனிந்து, தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்தாள். மகள் அவளிடம் பிரெஞ்சில் விசாரித்துவிட்டு வந்தாள்.

"அவவின்ர பூட்டன் ஆக்கள் கரும்பு வெட்டத் தமிழ்நாட்டிலயிருந்து வந்தவையாம். இப்ப வீட்டில ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதாம். இதை மட்டும் விடேல்லையாம்."

நான் காலெடுத்து வைக்கப் போனேன். மகள் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ அப்பா, இன்னும் தண்ணி தொடேல்லை."

இருவருமாகக் குனிந்தோம்.

எத்தனையோ கடல்களில் குளித்தவன் நான். பிடித்த கடற்கரை எதுவென்று யாராவது கேட்டால், இப்போது யோசிப்பதில்லை.